சண்டை ஓய்ந்த பிறகு

குரங்குகளைக் கவனிக்கப் பழகுபவர்களிடம் நான் முதலில் சொல்வது: சண்டை ஓய்ந்ததும் குறிப்பேட்டை மூடாதீர்கள். அடிபட்டதை இன்னும் பத்து நிமிடம் விடாமல் பாருங்கள். மறுநாள் அதே வேளையில், சண்டை இல்லாதபோது, அதையே மறுபடி பத்து நிமிடம் பாருங்கள். இரண்டையும் ஒப்பிட்டால்தான், அது எதிரியைத் தேடிப்போய்ச் சேர்ந்ததா, வழக்கம்போல் பக்கத்தில் உட்கார்ந்ததா என்பது புரியும்.

இந்தப் பழக்கத்தின் வேர் நெதர்லாந்தின் ஆர்ன்ஹெம் நகரில் இருக்கிறது. அங்குள்ள பர்கர்ஸ் உயிரியல் பூங்காவில் 1971இல் சிம்பன்சிக் கூட்டம் ஒன்றை ஒரு தீவில் குடியமர்த்தினார்கள். 1975இல் அங்கே வந்த விலங்கு நடத்தை ஆய்வாளர் பிரான்ஸ் டி வால், கூச்சல் குழப்பத்துக்கு நடுவே இரண்டு சிம்பன்சிகள் முத்தமிட்டுத் தழுவிக்கொள்வதைக் கண்டார். சற்றுமுன் மோதிக்கொண்டவையே அவை என்பது பிறகுதான் அவருக்கு உறைத்தது. விலங்குகளின் சமரசம் பற்றிய ஆய்வு அங்கிருந்து வளர்ந்தது. காட்டில் அந்த நிமிடம் இலைமறைவில் போயிருக்கலாம். பூங்காக்களுக்கு நான் பட்டிருக்கும் பெரிய கடன் இதுவே.

ஆனால் அடைத்து வைத்த இடமும் நடத்தையை மாற்றும். லண்டன் பூங்காவில் 1925இல் திறந்த குரங்குக் குன்றில், சுமார் நூறு ஹமாட்ரியாஸ் பபூன்களை விட்டார்கள். ஏறக்குறைய எல்லாமே ஆண்கள், ஒன்றுக்கொன்று அறிமுகமில்லாதவை. பிறகு பெண்களைச் சேர்த்தபோது அவற்றில் பல, ஆண்களின் இழுபறியில் மாண்டன. அதைப் பார்த்த உடற்கூறியலாளர் சாலி சுக்கர்மன், குரங்குச் சமூகத்தைக் கட்டிவைப்பது பாலுறவே என்று 1932இல் நூல் எழுதினார். அவர் கண்டது உண்மை. ஆனால் அது அந்தக் குன்றின் உண்மை.

அதே இனத்தை 1950களில் சூரிச் பூங்காவில் விலங்கியலாளர் ஹான்ஸ் கும்மர் கவனித்த விதம் எனக்கு இன்றும் பாடம். ஒரு பெண், ஆணுக்குப் பின்புறத்தைக் காட்டி நின்றபடி எதிரியைப் பார்த்து மிரட்டும். எதிரி திருப்பி மிரட்டினால், அது பின்னால் இருக்கும் ஆணையும் மிரட்டுவதாகிவிடும். இப்படிப் பழகிய கண்ணோடுதான் அவர் எத்தியோப்பியாவுக்குப் போனார். அங்கே ஒவ்வொரு ஆணும் தன் சில பெண்களோடு திரிய, அறிமுகமான மற்ற ஆண்கள் பெரும்பாலும் குறுக்கிடவில்லை. லண்டனில் நடந்த விபரீதத்துக்கும் அதில் விளக்கம் கிடைத்தது.

அதனால் என் குறிப்பேட்டின் முதல் பக்கம் இடத்துக்கு: தீனி எத்தனை இடங்களில் வைக்கிறார்கள், ஒதுங்க மறைவு உண்டா, எது எங்கிருந்து எப்போது வந்து சேர்ந்தது. குரங்குகளின் பெயர்கள் இரண்டாம் பக்கத்தில்தான் தொடங்கும்.