விசில் சத்தம் கேட்டது

விசில் சத்தம் கேட்டது. ஒரு முறை அல்ல, மூன்று முறை. நான் பதில் குரல் கொடுக்கவில்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த நாளைப் பற்றிப் பலரிடம் பேசியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் இந்த இடத்தை மட்டும் விழுங்கிவிட்டுத்தான் பேசினேன். கேட்டவர்கள், “உயிரோட திரும்பி வந்தீங்களே, அதுவே பெரிசு” என்றார்கள். அந்த ஆறுதலை வாங்கி வைத்துக்கொண்டேன். அது எனக்குச் சேர வேண்டியது அல்ல.

நடந்தது ரீயூனியன் தீவில், 2017 அக்டோபரில். மடகாஸ்கருக்குக் கிழக்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவு அது. நான் அப்போது பக்கத்துத் தீவான மொரீசியஸில் ஒப்பந்த வேலையில் இருந்தேன். விமானத்தில் முக்கால் மணி நேரம்தான். மூன்று நாள் விடுமுறை கிடைத்ததும் கிளம்பிவிட்டேன். வழிகாட்டியோடு ஒரு நாள் பயணத்துக்குப் பணம் கட்டினேன். காலையில் பித்தோன் த லா ஃபூர்னேஸ் எரிமலையில் நடை. பிற்பகலில் கிழக்குக் கரையில் சுற்றிப் பார்ப்பது.

பணம் கட்டியபோது ஒரு படிவம் தந்தார்கள். ‘மலையில் ஐந்து மணி நேரம் தொடர்ந்து நடந்த அனுபவம் உண்டா?’ என்று அதில் ஒரு கேள்வி. ‘உண்டு’ என்று டிக் அடித்தேன். எனக்கு அப்போது வயது நாற்பத்து நான்கு. ஊர் கோயம்புத்தூர். இருபது வயதில் நண்பர்களோடு ஒருமுறை வெள்ளியங்கிரி ஏறியிருந்தேன். அதன் பிறகு எந்த மலையும் ஏறியதில்லை. மூன்று மாடி ஏறினால் மூச்சு வாங்கும். ‘இல்லை’ என்று எழுதியிருந்தால் எளிதான வேறொரு நடைக்கு அனுப்பியிருப்பார்கள். அதைக் கௌரவக் குறைச்சலாக நினைத்தேன். அதுதான் முதல் பொய்.

அதிகாலை நான்கு மணிக்கு சேன் பியேர் ஊரிலிருந்து வேன் புறப்பட்டது. ஓட்டுநர், வழிகாட்டி, நாங்கள் ஏழு பேர். வழிகாட்டிக்கு முப்பது வயது இருக்கும். தீவிலேயே பிறந்தவர். படித்துத் தேறி, அரசுச் சான்றிதழ் வாங்கி மூன்று வருடம் ஆகிறது என்றார். மாதச் சம்பளம் கிடையாது. மலைக்கு ஆள் கூட்டிப்போகிற நாளுக்குத்தான் காசு.

என் பக்கத்து இருக்கையில் ஐம்பத்தேழு வயது அம்மா ஒருவர் இருந்தார். முன்னோர் காரைக்காலில் கப்பலேறியவர்கள். 1848-இல் அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழி. அந்தத் தீவில் அவர்களை ‘மல்பார்’ என்கிறார்கள். அவருக்குத் தமிழ் தெரியாது. குடும்பப் பெயர் பிரெஞ்சு எழுத்தர்கள் கையில் உருமாறிப் போயிருந்தது. முகம் மட்டும் நம் ஊர்ச் சந்தையில் பார்க்கிற முகம். எனக்குப் புரிய வேண்டும் என்று நிறுத்தி நிறுத்தி ஆங்கிலத்தில் பேசினார்.

அவர் பிறந்தது பித்தோன் சேன்ட் ரோஸ் என்ற கடற்கரை ஊரில். 1977 ஏப்ரலில் எரிமலை வழக்கமான எல்லைக்கு வெளியே வெடித்து, குழம்பு அந்த ஊருக்குள் இறங்கியது. மக்களை முன்பே வெளியேற்றிவிட்டார்கள். வீடுகள் போயின. மாதா கோயில் வாசல் வரைக்கும் வந்த குழம்பு, கட்டடத்தைச் சூழ்ந்து நின்றுவிட்டது. கோயில் தப்பியது. இன்று அதை நோத்ர் தாம் தே லாவ், லாவா மாதா என்கிறார்கள். இந்த அம்மாவின் வீடு தப்பவில்லை. அப்போது அவருக்குப் பதினேழு வயது. குடும்பத்தோடு பிரான்சுக்குப் போய்விட்டார். நாற்பது வருடம் கழித்து, உறவில் ஒரு சாவுக்கு வந்திருந்தார். அன்று இரவு அவருக்குத் திரும்பும் விமானம். பிற்பகலில் வேன் அந்தக் கோயிலில் நிற்கும் என்பதற்காகவே இந்தப் பயணத்தில் சேர்ந்தாராம். “வீடு இருந்த இடத்துல இப்ப வெறும் கல்லுதான் இருக்கும். அதைக் கையால ஒரு தடவை தொட்டுட்டுப் போகணும்” என்ற பொருளில் சொன்னார்.

இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் நான் அதைச் செய்தேன். தெரியாமல் செய்ததாக யாரும் நினைக்க வேண்டாம்.

பிளேன் தே சாப்ல் என்ற செம்பழுப்புச் சமவெளியைத் தாண்டி, விடிகிற நேரத்தில் பா த பெல்கோம்ப் போய்ச் சேர்ந்தோம். உயரம் 2,311 மீட்டர். விரல் மரத்துப்போகும் குளிர். கீழே செங்குத்தான பாறைச் சுவர். அதன் அடியில் கண்ணுக்கெட்டிய தூரம் கறுப்பு லாவா. அதன் நடுவே 2,632 மீட்டர் உயர எரிமலை. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

இறங்குவதற்கு முன் வழிகாட்டி எங்களை வட்டமாக நிற்க வைத்தார். பாறையில் அடித்திருந்த வெள்ளை வண்ணக் குறியைக் காட்டினார். உள்ளங்கை அளவு இருக்கும். “கீழே மரம் இல்லை, வீடு இல்லை, அடையாளம் சொல்ல எதுவும் இல்லை. கல்லில் காலடித் தடமும் பதியாது. காலை ஒன்பது மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் மேகம் ஏறி வரும். அப்போது இந்த வெள்ளைக் குறி மட்டும்தான் வழி. இதைவிட்டு ஒரு அடிகூட விலகாதீர்கள். களைப்பாக இருந்தால் சொல்லுங்கள், நிற்போம். தவறிவிட்டால் நடக்காதீர்கள். நின்ற இடத்தில் நில்லுங்கள். நான் விசில் ஊதுவேன். நீங்கள் குரல் கொடுங்கள். சத்தத்தை வைத்து உங்களைக் கூட்டி வந்துவிடுவேன்.”

ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, “புரிந்ததா?” என்று கேட்டார். என்னையும் கேட்டார். “புரிந்தது” என்றேன்.

நூற்றுக்கணக்கான படிகள் இறங்கினோம். ஃபோர்மிக்கா லேயோ என்ற சிறிய செந்நிறக் கூம்பை அடைந்தபோதே என் கால் நடுங்கத் தொடங்கிவிட்டது. மற்றவர்கள் படம் எடுத்து முடித்துக் காத்திருந்தார்கள். நான் கடைசியாகப் போய்ச் சேர்ந்தேன். அடுத்த நிறுத்தத்திலும் நான்தான் கடைசி. வழிகாட்டி அருகில் வந்து, “கொஞ்சம் உட்காரலாமா?” என்று தணிந்த குரலில் கேட்டார். மற்றவர் காதில் விழக் கூடாது என்று பார்த்துக் கேட்டார். “வேண்டாம். படம் எடுத்துக்கொண்டிருந்தேன்” என்றேன். அது இரண்டாவது பொய். அவர் நம்பினாரா தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு எல்லோரையும் மெதுவாக நடக்க வைத்தார். எனக்காகத்தான் என்று எனக்குத் தெரியும். அந்த அம்மா எனக்கு முன்னால் சீராக நடந்துகொண்டிருந்தார். என்னைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல் வந்தது. அவர் மேல் எரிச்சல் கொள்ள ஒரு காரணமும் இல்லை.

கோயில் குகை போல உள்ளே குடைந்திருக்கும் ஒரு லாவாத் திட்டு வழியில் உண்டு. ஷாப்பேல் த ரோஸ்மோன் என்று பெயர். முன்னால் போனவர்களின் சட்டை நிறங்கள் அங்கே தெரிந்தன. குறிகள் போட்ட பாதை சற்று வளைந்து போவதாக எனக்குப் பட்டது. நேராகக் குறுக்கே போனால் அவர்களுக்கு முன்பாகவே போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். ஒரு தடவையாவது நான் முதலில் போய் நின்று, அவர்கள் வருவதைப் பார்க்க வேண்டும். அந்த ஆசைக்காகத்தான் விலகினேன். அகம்பாவத்தைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை. வழிகாட்டி முன்னால் ஒருவருக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து விலகினேன்.

முதலில் வழவழப்பான லாவா. கயிற்றைச் சுருட்டி வைத்தது போல மடிப்பு மடிப்பாக இருந்தது. நடக்க எளிது. பிறகு ‘கிராத்தோன்’ என்று தீவுக்காரர்கள் சொல்லும் சொரசொரப்பு லாவா வந்தது. உடைந்த கண்ணாடிக் குவியலில் நடப்பது போல. தடுமாறிக் கையை ஊன்றினேன். உள்ளங்கை கிழிந்தது. தலை நிமிர்ந்தபோது மேகம் வந்திருந்தது. முன்னால் தெரிந்த சட்டைகள் இல்லை. எரிமலை இல்லை. பத்தடிக்கு அப்பால் வெறும் வெண்மை.

அங்கேயே நின்றிருக்க வேண்டும். நான் நடந்தேன்.

அப்போதுதான் முதல் விசில் கேட்டது. இடது பக்கத்திலிருந்து, நீளமாக. வாயைத் திறந்து ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். நான் பாதையிலிருந்து எண்பது தப்படிகூட விலகியிருக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. ஆனால் குரல் கொடுத்தால் நான் வழி தவறியது எல்லோருக்கும் தெரிந்துவிடும். இன்னும் இரண்டு நிமிடத்தில் நானே பாதையைப் பிடித்துவிடலாம், ஒன்றும் நடக்காதது போல வந்து சேர்ந்துவிடலாம் என்று நினைத்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டாவது விசில். என் பெயரும் கேட்டது. அவர் நாக்குக்குப் பழகாத பெயர். இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்தார். நான் பேசவில்லை.

மூன்றாவது விசில் நெருங்கிக் கேட்டது. அவர் மற்ற ஆறு பேரையும் ரோஸ்மோனில் உட்காரவைத்துவிட்டு, பாதையை விட்டிறங்கி என்னைத் தேடி வந்துகொண்டிருந்தார். பதில் வராததால் நான் விழுந்து கிடக்கிறேன் என்று எண்ணிவிட்டார். அவசரமாக வந்தார். குழம்பு ஓடும்போது மேல்பகுதி முதலில் ஆறி இறுகும். உள்ளே இருப்பது வடிந்து போனபின் அடியில் வெற்றிடம் நிற்கும். சில இடங்களில் மேலோடு தட்டின் கனம்தான் இருக்கும். அது நொறுங்கிய ஓசை ஓடு உடைவது போல இருந்தது. தொடர்ந்து ஒரு அலறல். அதன் பிறகுதான் நான் கத்தினேன்.

அவர் கால் முழங்கால் வரை உள்ளே போயிருந்தது. வெளியே எடுத்தபோது கணுக்கால் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. காலுறையில் ரத்தம். அந்த நிலையில் அவர் கேட்ட முதல் கேள்வி, “உங்களுக்கு அடி பட்டதா?” என்பது.

மீட்புக் குழுவுக்குத் தகவல் சொன்னார். மேகத்துக்குள் ஹெலிகாப்டர் இறங்க முடியாது என்று பதில் வந்தது. இரண்டு பேர் தோள் கொடுக்க, ஒற்றைக் காலில் நடந்தார். அந்த நிலையிலும் வெள்ளைக் குறிகளை அவர்தான் பார்த்துச் சொன்னார். படிகளில் உட்கார்ந்து, கைகளை ஊன்றி, ஒவ்வொன்றாகப் பின்பக்கமாக ஏறினார். பாறைச் சுவர் அந்த இடத்தில் நூறு மீட்டருக்கும் மேல். அந்த அம்மா தன் சால்வையை அவருக்குப் போர்த்திவிட்டார். நான் வழிகாட்டியின் பையைச் சுமந்தேன். அதற்குக்கூட அவர் நன்றி சொல்லும்படி ஆயிற்று.

மேலே வந்தபோது மதியம் கடந்திருந்தது. எரிமலையின் வாயை யாரும் பார்க்கவில்லை. வேன் நேராக மருத்துவமனைக்குப் போனது. கிழக்குக் கரைக்குப் போக நேரம் இல்லை. அந்த அம்மா வாடகைக் காரில் விமான நிலையம் கிளம்பினார். ஒரு குறையும் சொல்லவில்லை. கதவை மூடுவதற்கு முன் என் கட்டுப் போட்ட உள்ளங்கையைப் பார்த்து, “வலிக்கிறதா?” என்று கேட்டார். கல்லைத் தொட வந்தவர் வெறுங்கையோடு போனார்.

மறுநாள் பயண நிறுவனத்தில் விபத்து அறிக்கைக்காக என்னை எழுதித் தரச் சொன்னார்கள். படிவத்தில் நான் அடித்த டிக் வெளியே வந்துவிடும் என்று பயந்தேன். செலவை என் தலையில் கட்டுவார்களோ என்று பயந்தேன். மூன்று வரி எழுதினேன். ‘குறிகள் தெளிவாக இல்லை. வழிகாட்டி வேகமாகப் போய்விட்டார். விசில் எதுவும் எனக்குக் கேட்கவில்லை.’ கையெழுத்துப் போட்டேன். கை நடுங்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

ஆறு மாதம் கழித்து, எங்களோடு வந்த ஒருவர் மின்னஞ்சல் அனுப்பினார். வழிகாட்டியின் கணுக்கால் எலும்பு முறிந்திருந்தது. அந்த வருடத்தின் மிச்ச நாட்கள் வேலை இல்லை. குணமான பிறகும் அந்த நிறுவனம் அவரைக் கூப்பிடவில்லை. ஆளைக் கவனிக்காமல் வேகமாக நடந்தவர் என்று பெயராகிவிட்டது. அந்தப் பெயரை வைத்தது நான். எனக்காக மெதுவாக நடந்தவருக்கு நான் வைத்த பெயர் அது.

அந்த மின்னஞ்சலைப் படித்த அன்றே எழுதியிருக்கலாம். எழுதவில்லை. இன்னும் இரண்டு வருடம் கடத்தினேன். அந்த நாட்களில் நிம்மதியாகத் தூங்கினேன், சாப்பிட்டேன், வேலை பார்த்தேன். பிறகு ஒரு நாள் என் மகன் பள்ளியில் செய்த தவற்றை இன்னொரு பையன் மேல் போட்டுவிட்டு வந்தான். அவனைக் கண்டிக்க வாயெடுத்தேன். பேச்சு வரவில்லை. அன்றிரவு நிறுவனத்துக்கும் வழிகாட்டிக்கும் கடிதம் எழுதினேன். கோப்பு முடிந்துவிட்டது என்று நிறுவனம் ஒரே வரியில் பதில் போட்டது. வழிகாட்டியிடமிருந்து பதில் இல்லை. அவர் பதில் போட வேண்டிய கட்டாயமும் இல்லை. அந்த அம்மாவின் முகவரி என்னிடம் இல்லை.

மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. என் பொய் எழுத்தில் இருக்கிறது, என் கையெழுத்தோடு. உண்மையும் எழுத்தில் இருக்க வேண்டும். அன்று நான் எழுதியிருக்க வேண்டிய அறிக்கை இது:

குறிகள் தெளிவாக இருந்தன. வழிகாட்டி எனக்காக மெதுவாக நடந்தார். நானே பாதையை விட்டு விலகினேன். விசில் சத்தம் மூன்று முறை கேட்டது.