பெண்கள் காக்கும் தீவு

ரீகா வளைகுடாவில் காலை எட்டு மணி. சிறிய பயணக் கப்பல் கரைக்கு வெகு தொலைவிலேயே நங்கூரம் பாய்ச்சிவிடுகிறது. எஸ்தோனியாவின் கீனு தீவைச் சுற்றிக் கடலில் ஆழமில்லை. பயணிகள் பத்துப் பத்துப் பேராக ரப்பர் படகில் இறங்கிக் கரை சேர வேண்டியதுதான். ஆயிரக்கணக்கானவர்களை ஏற்றிவரும் உல்லாசக் கப்பல்கள் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. தீவுக்கு அது அதிர்ஷ்டம்.

ஏழு கி.மீ. நீளம், மூன்று கி.மீ.க்குச் சற்று அதிகமான அகலம், நான்கு கிராமங்கள். அவ்வளவுதான் கீனு. நடந்தே பார்த்துவிடலாம். ஆனால் முதலில் எதிர்ப்படுவது பக்கவாட்டுப் பெட்டி வைத்த பழைய ரஷ்ய மோட்டார் சைக்கிள். ஓட்டி வருபவர் தலைக்குட்டையும், சிவப்புக் கோடு போட்ட கம்பளிப் பாவாடையும் அணிந்த பாட்டி!

அந்தப் பாவாடை கேமராவுக்காக உடுத்தியது அல்ல. படிக்கத் தெரிந்தவர்களுக்கு அதில் சேதி இருக்கிறது. மேலே ஏப்ரன் கட்டியிருந்தால் மணமானவர். துக்கம் நேர்ந்தால் சிவப்பு மறைந்து கறுப்பும் கருநீலமும் வரும். மாதங்கள் செல்லச் செல்ல சிவப்புக் கோடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பும்.

ஆண்கள் தலைமுறை தலைமுறையாகக் கடலோடிகள். மீன்பிடிப்பு, கடல்நாய் வேட்டை, கப்பல் வேலை என்று அவர்கள் போய்விட, உழவு, வீடு, தறி, திருவிழா எல்லாம் பெண்கள் கைக்கு வந்தன. கிறிஸ்தவத்துக்கு முந்தைய வேர்கள் கொண்ட திருமணப் பாடல்களையும் அவர்கள்தான் காத்தார்கள். யுனெஸ்கோ 2003இல் கீனுவின் பண்பாட்டை மனிதகுல மரபுச் செல்வமாக அறிவித்தது. விருது வந்தது சரி, வேலை வரவில்லை. சோவியத் கால மீன்பிடிக் கூட்டுப் பண்ணைகள் 1991க்குப் பின் கலைந்தன. தீவின் மக்கள்தொகை சில நூறு. அவர்களிலும் பலர் பிழைப்புக்காக வெளியே தங்குகிறார்கள்.

தெற்கு முனையில் 1864இல் எழுந்த கலங்கரை விளக்கம். அதன் இரும்புப் பாகங்கள் இங்கிலாந்தில் வார்க்கப்பட்டவை. உச்சியில் நின்றால் பைன் மரங்களும் கடலும் மட்டுமே. கடுங்குளிர் ஆண்டுகளில் இந்தக் கடல் உறைந்து, நிலப்பகுதிக்குக் கார் ஓடும் பனிச்சாலையாகிவிடும். குளிர் குறைந்த ஆண்டுகளில் அந்தச் சாலை கிடையாது, படகுதான்.

மதிய உணவுக்குப் புகையில் வாட்டிய மீனும் கறுப்பு ரொட்டியும். பிறகு கையுறை வியாபாரம். நுணுக்கமான பின்னல், விலை சற்று அதிகம்தான். ஆனால் ஒரு ஜோடியைப் பின்னும் நேரத்தைக் கேட்டால் பேரம் பேச வாய் வராது.

மாலை நான்கு மணிக்குக் கடைசி ரப்பர் படகு கிளம்புகிறது. கையுறை விற்ற பெண்கள் பாவாடையை மாற்றவில்லை. அதே உடையில் உருளைக்கிழங்குத் தோட்டத்தில் இறங்குகிறார்கள்.