இரும்பைச் செம்மண்ணும் சோளத்தட்டைக் கணக்கும்

புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் போகும் சாலையில், திருச்சிற்றம்பலம் கூட்டு ரோட்டில் இறங்கிக் கொஞ்சம் உள்ளே போனால் இரும்பை. சம்பந்தர் பாடிய மாகாளேஸ்வரர் கோயில் இங்கேதான். கடுவெளிச் சித்தர் பாடியதும் மூன்றாக வெடித்த லிங்கத்தைச் செம்பு கொண்டு சேர்த்தார்கள் என்கிறது தலக்கதை. அந்தக் கதை தொடங்குவதே மழை பொய்த்த பஞ்சத்தில்! ஆரோவில்லைப் பார்க்க வருகிறவர்கள் இதையும் பார்த்துவிட்டுப் போகலாம்.

சுற்றிலும் செம்மண் மேடு. முந்திரி, சவுக்கு, நடுவே மானாவாரிக் கொல்லைகள். இப்படிப்பட்ட மண்ணில் வீட்டுக்குத் தானியமும் மாட்டுக்குத் தீனியும் ஒரே விதைப்பில் தருவது சோளம். ஆனால் எப்போது விதைப்பது?

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பார்கள். ஆடிப்பெருக்கன்று விதைத்த 105 நாள் சோளம் ஐப்பசிக் கடைசியில் முற்றும். இந்தக் கடலோரத்தில் அதுதான் அடைமழை நேரம். நனைந்த கதிரில் பூஞ்சணம் பிடித்து மணி கறுத்துவிடும், தட்டையும் காயாது. புரட்டாசி முதல் வாரத்தில் விதைத்தால் அறுவடை மார்கழிக்குத் தள்ளிப்போகும். மணி வெளுப்பாக வரும், தட்டை காய்ந்து போருக்கு ஏறும். என்ன, மாடு அதுவரை காத்திருக்க வேண்டும்.

அமெரிக்காவின் ஓக்லஹாமாவில் கோதுமையைச் செப்டம்பரிலேயே விதைத்து, குளிர்காலத்தில் மாட்டை மேயவிடுகிறார்கள். தண்டு நீளும் முன் ஓட்டிவிட்டால், அதே பயிரில் கோடையில் தானியமும் கிடைக்கிறது. சோளத்தில் இது நடக்காது. இளம் பயிரிலும், வெயிலில் வாடிய பயிரிலும், வெட்டிய கட்டையில் துளிர்க்கும் மறுதாம்பிலும் சயனைடு நஞ்சாக மாறும் பொருள் இருக்கிறது. வயிறு நிறைய மேய்ந்த மாடு மூச்சுத் திணறிச் சில நிமிடங்களிலேயே சாய்ந்துவிடலாம். உடனே கால்நடை மருத்துவர் வந்து ஊசி போட்டால் பிழைக்க வழியுண்டு.

அதனால்தான் பச்சையாகப் போடுவதென்றால் பூத்த பிறகே வெட்ட வேண்டும். வெட்டியதை வெயிலில் நன்றாக உலர்த்தினால் நஞ்சு பெரிதும் குறையும். அவசரத்துக்குப் பச்சைத் தீவனம் தேவைப்படுகிறவர்கள் கொல்லையின் ஓரத்தில் நாலு சால் கம்பு விதைத்துக்கொள்ளலாம். கம்பில் இந்தச் சயனைடுத் தொல்லை கிடையாது.