சும்மா இருத்தல்

திருச்சி கைலாசபுரத்தில் வளர்ந்தவன் நான். 1965இல் தொடங்கப்பட்ட பெல் கொதிகலன் ஆலையில்தான் அப்பாவின் பணிக்காலம் முழுவதும் கழிந்தது. கொதிகலனில் அழுத்தம் மிகுந்தால் பாதுகாப்பு வால்வு திறந்து நீராவியை வெளிவிடும் என்பார். அடைத்துவைத்தால் ஆபத்து.

அவர் மறைந்தபின் விடியலில் கண்மூடி அமரத் தொடங்கினேன். மௌனம் கூடவில்லை. ஐந்து நிமிடத்திற்குள், அவரோடு கடைசியாக நிகழ்ந்த சச்சரவில் சொல்லத் தவறிய பதில்களை அடுக்கிக்கொண்டிருப்பேன். எண்ணங்களை விரட்ட விரட்ட அவை பெருகின.

தாயுமானவரின் நினைவு வந்தது. இதே திருச்சியில் நாயக்க மன்னர் விஜயரங்க சொக்கநாதரிடம் பணிபுரிந்தவர். மௌனகுரு அவருக்கு உபதேசித்ததாக மரபு கூறுவது இவ்வளவுதான்: சும்மா இரு. அதன் பிறகும் அவர் பாடல்களில் அடங்காத மனத்தைப் பற்றிய முறையீடு ஓயவில்லை. அது எனக்கு ஆறுதலாயிருந்தது.

அப்பாவும் என்னைச் 'சும்மா இருடா' என்று அதட்டியவர்தான். வாயை மூடு என்றே அதற்குப் பொருள்கொண்டிருந்தேன். ஒரு விடியலில் அந்தச் சச்சரவு மீண்டும் எழுந்தபோது அதை விரட்டவில்லை, பதிலும் சொல்லவில்லை. வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தேன். சினமென்று நான் எண்ணியிருந்த அவர் குரலில் இருந்தது அச்சம், என்னைக் குறித்த அச்சம். கண்கள் நிறைந்தன. அதன்பின் சிறிது நேரம் உள்ளே எந்தச் சத்தமும் இல்லை.

மறுநாள் மனம் பழையபடி வாதாடியது. மீண்டும் அமர்ந்தேன்.