முதல் நிமிடம் மூச்சுக்கு

கப்பல் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்குக் கடலில் உயிர்பிழைக்கக் கற்றுக்கொடுப்பது என் தொழில். தூத்துக்குடி, கன்னியாகுமரிக் கரைகளில் வளர்ந்தவர்களுக்கு நீச்சல் இயல்பாகவே கைவரும். வட அட்லாண்டிக் போகவிருக்கும் அவர்களிடம் நான் முதலில் சொல்வது: "தவறி விழுந்தால் உடனே நீந்தாதீர்கள்."

15 டிகிரிக்கும் குறைவான நீர் திடீரென உடம்பில் பட்டதும், நம்மைக் கேளாமலே வாய் பிளந்து மூச்சை இழுக்கும். அப்போது முகம் நீருக்குள் இருந்தால் இழுப்பது கடலைத்தான். பிறகு மேல்மூச்சு வாங்கும். ரத்த அழுத்தம் எகிறும். உடல் விறைப்பதற்கு வெகு முன்பே, நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இங்கேதான் போய்விடுகிறார்கள்.

உறைநிலையை ஒட்டிய நீருக்குக் கனடாவின் உடலியல் ஆய்வாளர் கோர்டன் கீஸ்பிரெக்ட் சொன்ன கணக்கு 1-10-1. மூச்சு வசப்பட 1 நிமிடம். கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம். நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். முதல் நிமிடத்தில் முகத்தை மேலே வைத்து மிதப்பது மட்டுமே வேலை. லைஃப் ஜாக்கெட்டின் வாரை இறுக்குவது, அதன் விளக்கைப் போடுவது, பிடிமானம் தேடுவது எல்லாம் அடுத்த பத்து நிமிடத்துக்குள். அதன்பின் விரல்களுக்குக் கொக்கி மாட்டும் வலு இராது. மிச்ச நேரம் முழங்கால்களை மார்போடு அணைத்து அசையாமல் இருக்க வேண்டும். காற்றைவிட 25 மடங்கு வேகமாக உடல்சூட்டைப் பறிப்பது நீர். கைகாலை அடிக்க அடிக்க இன்னும் பறிபோகும்.

மீட்பதிலும் ஆபத்து உண்டு. நெடுநேரம் நீரில் கிடந்தவரை நிமிர்த்தித் தூக்கினால், உடலைச் சுற்றித் தாங்கிய நீரழுத்தம் விலகி ரத்தம் கால்களுக்கு இறங்கிவிடும், இதயம் நின்றுபோகலாம். முடிந்தவரை படுத்தவாக்கில் தூக்க வேண்டும். கைகாலைத் தேய்க்கவோ, நடக்கவைக்கவோ, மது கொடுக்கவோ கூடாது.

எங்கள் பயிற்சிக் குளத்து நீர் வெதுவெதுப்பானது. அந்தக் குளிரை அதில் காட்ட முடியாது; பழக்கத்தைத்தான் ஏற்ற முடியும். அதனால் குதித்த ஒவ்வொரு முறையும் மூச்சை எண்ணியபடி அசையாமல் மிதக்கச் சொல்கிறேன். குதிக்கும்போது ஒரு கையால் மூக்கையும் வாயையும் பொத்தச் சொல்வதும் அந்த முதல் மூச்சுக்காகத்தான். தவறி விழுகிறவருக்குப் பொத்த அவகாசம் கிடைக்காது. லைஃப் ஜாக்கெட்டைக் குளிர்நீருக்குள் மாட்டிக்கொள்வதும் மிகக் கடினம். டெக்குக்கு வரும்போதே அது உடம்பில் இருக்க வேண்டும். நான் சொல்லித்தரும் மற்ற அனைத்தும் அதை அணிந்தவருக்கே பயன்படும்.