மழை பெய்யாத கர்ணன்

முதலில் அந்தப் பிள்ளையார் பாட்டைத்தான் சொல்ல வேண்டும். குழாய் ஸ்பீக்கரில் சீர்காழி கோவிந்தராஜன் குரல் கிளம்பிவிட்டால், டென்ட் கொட்டாயில் டிக்கெட் கொடுக்க ஆரம்பித்தாயிற்று என்று அர்த்தம். பிரம்மதேசத்தில் சோற்றுப்பானை அவசர அவசரமாக இறங்கும். மரக்காணம் பக்கமிருந்து கடக்காத்து வீசுகிற நாளில் பாதிப் பாட்டு வயலுக்குப் போய்விடும். நீங்களும்தானே கூட ஓடி வந்தீர்கள், மடியில் வறுத்த மல்லாட்டையைக் கட்டிக்கொண்டு?

தரை டிக்கெட்டில் மணலைக் கூட்டி மேடு கட்டி உட்கார்ந்தால் முன்னால் இருக்கிறவர் தலை மறைக்காது. பின்னால் இருக்கிறவர் திட்டுவார், அது வேறு கதை. தண்ணீர் தெளித்த மணல் வாசம், பீடிப்புகை, எவளோ தலையில் வாடின கனகாம்பரம். இருப்பது ஒரே மிஷின். ரீல் மாற்ற விளக்கைப் போட்டதும் முறுக்குக் கூடை உள்ளே வரும், சோடா பாட்டில் ‘கீச்’சென்று கத்தும்.

கர்ணன் வருகிறான். 1964 பொங்கலுக்கு வந்த படம். எங்கள் கொட்டாய்க்கு வந்து சேரும்போது ஊர் ஊராக ஓடித் தேய்ந்த பிரதி. திரை நெடுக மேலிருந்து கீழே கோடு கோடாக மழை. டைரக்டர் பந்துலு குருக்ஷேத்திரத்துக்கே போய்ப் பிடித்த போர்க்களத்தில் விடாமல் அடைமழை. ஈஸ்ட்மென் கலரில் நீலமும் பச்சையும் மங்கிவிட்டால் சிவப்புதான் மிஞ்சும். அதனால் வானம் ரோஸ், கண்ணனாக வந்த ராமராவின் மயிலிறகும் ரோஸ். துவாபர யுகத்து வானமே அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டோம்.

பிலிம் அறுந்தால் விசில் பறக்கும். ஆபரேட்டர் ஒட்டுவார், ஒட்டும்போது ரெண்டு படம், நாலு படம் வெட்டுப்படும். நொடிக்கு 24 படம், ஓர் அடிக்கு 16. வெட்டின துண்டெல்லாம் மறுநாள் காலையில் நம் டவுசர் பையில் இருக்கும். ஃபியூஸ் போன பல்பில் தண்ணீர் ஊற்றி, கண்ணாடியில் வெயிலைப் பிடித்துத் திருப்பி, அம்மா துவைத்துப் போட்ட வேட்டியில் சிவாஜியைத் தலைகீழாக நிறுத்தியிருக்கிறோமே! மிஷின் விளக்கில் எரிந்து மிஞ்சின, செம்பு பூசின கார்பன் குச்சி கிடைத்தவன் அன்றைக்கு ராஜா.

இப்போது கூடத்தில் பெரிய டிவி. 2012 மார்ச்சில் சுத்தம் செய்து மறுபடி தியேட்டருக்கு வந்து, நூறு நாளைத் தாண்டி ஓடினானே, அந்தக் கர்ணன்தான். ஒரு கோடு இல்லை. வானம் நீலம். நெற்றியில் டோப்பா ஒட்டின விளிம்பு தெரிகிறது, கவசத்தில் பூசின பெயின்ட் தெரிகிறது. இந்தத் தெளிவு புதிதாகக் கொண்டுவந்து பூசினதில்லை. 35 எம்.எம். நெகட்டிவ் இந்த 1920-க்கு 1080 புள்ளியைவிட அதிகமாகவே பிடித்து வைக்கும். ஒரு பிரதியிலிருந்து இன்னொன்று எடுத்து, அதையும் ஓட்டி ஓட்டித் தேய்த்து, கடைசியில் திண்டிவனம் ரோட்டில் மிச்சம் வந்ததுதான் நாம் பார்த்த ரோஸ் வானம்.

ஆனால் எல்லாப் படத்துக்கும் இந்த மரியாதை கிடைப்பதில்லை. மழையைத் துடைக்கிறேன் என்று பிலிமின் பொடிமணியையும் சேர்த்து வழித்துவிடுகிறார்கள். பத்மினி முகம் மெழுகுப் பொம்மையாகிறது. 1973-ல் ராஜராஜ சோழன் வரும்வரை தமிழில் சினிமாஸ்கோப்பே கிடையாது. அதற்கு முந்தின படத்தை அகல டிவிக்காக மேலும் கீழும் நறுக்கினால் கிரீடம் போய்விடுகிறது. கிரீடம் இல்லாத ராஜா எதற்கு? ரெண்டு பக்கமும் கறுப்பாகக் கிடந்தால் யாருக்கு நஷ்டம்?

போன பொங்கலுக்கு அத்தைக்குக் கர்ணனைப் போட்டுக் காட்டினேன். பாதிப் படத்தில் ஒரு பாட்டு முழுசாக ஓடுகிறது. அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“இது எங்கடா இருந்துச்சு? நம்ம கொட்டாயில போடலியே!”

“ரீலு அறுந்து போயிருக்கும் அத்தே.”

“அறுந்துச்சோ, அறுத்தானுங்களோ. காசு மட்டும் முழுசா வாங்கினானுங்க.” இடுப்புச் சுருக்குப்பையைத் தேடினாள். “செத்த நிறுத்துடா, வெத்தல போட்டுக்கறேன். அப்பறம் அந்தப் பாட்ட மொதல்லேர்ந்து வையி.”