ஓகே அழுத்த முதல்

கணினியைப் போட்டவுடன ஒரு சின்னப் பெட்டி வந்து நிக்கும். மேலே 'ரன்டிஎல்எல்' என்று இருக்கும். கீழே ஒரு கோப்பின் பெயரும், அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்கிற ஒரு வரியும். எங்களில கனபேர் ஓகேயை அழுத்திவிட்டு வேலையைப் பார்ப்போம். கடைக்குக் கொண்டுபோனால் "போர்மட் அடிச்சாச் சரி" என்பார்கள். பெட்டி போகும்தான். எங்கட சிநேகிதி ஒருத்தியின்ர இறுதியாண்டு ஆய்வும் அதோட சேர்ந்து போனது.

அந்தப் பெட்டி சொல்வது சின்ன விஷயம். எப்பவோ போட்ட பிரிண்டர் மென்பொருளையோ, யூஎஸ்பியில வந்த வைரஸையோ அகற்றியிருப்போம். கோப்பு போய்விட்டது. தொடக்கத்தில் அதை இயக்கச் சொல்லும் கட்டளை மட்டும் ரெஜிஸ்ட்ரியிலோ டாஸ்க் ஷெடியூலரிலோ மிஞ்சிக் கிடக்கிறது. ஆள் வெளிநாடு போனது தெரியாமல் வாசலில நின்று பெயர் சொல்லிக் கூப்பிடும் தபால்காரர் மாதிரி.

ஆகவே தேடவேண்டியது கோப்பை அல்ல, கட்டளையை. மைக்ரோசொப்ட் இலவசமாகத் தரும் 'ஓட்டோரன்ஸ்' தொடக்கத்தில் இயங்குபவற்றைப் பட்டியலிடும். கோப்பு இல்லாதவை மஞ்சளாகத் தெரியும். பெட்டியில் இருந்த அதே பெயருள்ள வரியின் சரி அடையாளத்தை மட்டும் எடுத்துவிட்டு, கணினியை நிறுத்திப் போட்டுப் பாருங்கோ. ஏதும் பிழைத்தால் திரும்பச் சரி போடலாம். மஞ்சள் எல்லாத்தையும் அழிக்கத் தேவையில்லை. காணாமற்போன டிஎல்எல் கோப்பைத் தருகிறோம் என்கிற தளங்களின் பக்கமே போகவேண்டாம்.

வீட்டில யாராவது கணினியைக் கடைக்குத் தூக்க வெளிக்கிட்டால், முதலில் அந்தப் பெயரை ஒரு துண்டில எழுதி எடுங்கோ.